தங்கத்தின் துளைகளுக்குக் கணினி காரணம் சொன்ன கதை

தங்கத்தின் தரம் பார்க்கும் பட்டறைகளில் நூற்றாண்டுகளாக நடந்துவரும் வேலை இது. சோதிக்க வேண்டிய தங்கத்தோடு வெள்ளி சேர்த்து உருக்குவார்கள். கலவையில் தங்கம் கால் பங்குதான் இருக்க வேண்டும். அதைத் தகடாக்கி, சுருட்டி, சூடான நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து போய்விடும். மிஞ்சுவது தங்கச் சுருள். ஆனால் அது மின்னாது. கரும்பழுப்பாக, விரல் பட்டால் நொறுங்குகிற பதத்தில் இருக்கும். நெருப்பில் காய்ச்சினால்தான் மஞ்சள் நிறம் திரும்பும்.

முக்கால் பங்கு போனபிறகும் சுருள் உருக்குலையாமல் நிற்கிறதே, எப்படி? உள்ளே வெறும் துளைகள். துளைகளுக்கு நடுவே பின்னிக் கிடக்கும் தங்க இழைகள். 1979இல் ஏ. ஜே. ஃபோர்ட்டி என்ற ஆய்வாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்ததைக் கொண்டு இதை விரிவாக எழுதினார். ஆனால் துளை இருக்கிறது என்று அறிவது வேறு, அது ஏன் உண்டாகிறது என்று அறிவது வேறு.

சிக்கல் இதுதான். மேற்பரப்பில் உள்ள வெள்ளி கரைந்ததும், அங்கே எஞ்சும் தங்கம் மூடிபோல் அடைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அடியில் இருக்கும் வெள்ளி எந்த வழியாக வெளியே வருகிறது? வெள்ளி முன்பே தனித்திட்டுகளாக இருந்து, அமிலம் அந்தத் திட்டுகளைத் தோண்டுகிறது என்றும் சொல்ல முடியாது. தங்கமும் வெள்ளியும் எந்த விகிதத்திலும் சீராகக் கலப்பவை. 1967இல் பிக்கரிங்கும் வாக்னரும், உலோகத்துக்குள் இருக்கும் வெற்றிடங்கள் வழியாக வெள்ளி நகர்ந்து வருவதாக விளக்கம் தந்தார்கள்.

1989இல் கார்ல் சியராட்ஸ்கி, ரோஜர் நியூமன் முதலானோர் அமிலம் வெள்ளியை மட்டும் கரைக்கும் இந்த அரிமானத்தைக் கணினியில் நடத்திக் காட்டினார்கள். வெள்ளி அணுக்கள் ஒன்றையொன்று தொட்டபடி தொடராக உள்ளே போனால் அமிலத்துக்குப் பாதை கிடைக்கும் என்பது அவர்கள் பிடித்த நூல். நல்ல தொடக்கம். என் பார்வையில் முழு விடை வந்தது 2001இல், ‘நேச்சர்’ இதழில்: ஜோனா எர்ல்பாக்கர், மைக்கேல் அசிஸ், அலைன் கார்மா, நிகோலாய் டிமிட்ரோவ், சியராட்ஸ்கி ஆகிய ஐவரின் கட்டுரை.

அவர்கள் கணினிக்குக் கொடுத்த விதிகள் இரண்டே. வெள்ளி அணு கரையலாம். பக்கத்து அணுக்கள் எத்தனை குறைவோ அத்தனை எளிதாக. எந்த அணுவும் பரப்பின் மேல் நகரலாம். அதற்கும் அதே கணக்கு. தங்கம் கரையாது. அடுத்து எந்த அணு, எந்தச் செயல் என்பதை நிகழ்தகவுப்படி கணினி தேர்ந்தெடுக்கும். மாண்டி கார்லோ முறை என்பது இதுதான்.

ஓடவிட்டதும் நடந்ததைக் கவனியுங்கள். சமதளத்தில் ஒரு வெள்ளி அணு பெயர்கிறது. அதன் பக்கத்து அணுக்களுக்குப் பிடிமானம் குறைகிறது, அந்த அடுக்கே உரிய ஆரம்பிக்கிறது. அங்கிருந்த தங்க அணுக்கள் ஆதரவின்றி மேலே நிற்கின்றன. அவை நின்ற இடத்தில் நிற்காமல் நகர்ந்து, ஒன்றுகூடித் திட்டாகின்றன. திட்டுகளுக்கு இடையில் அடுத்த அடுக்கின் வெள்ளி அமிலத்துக்கு வெளிப்படுகிறது. பள்ளம் ஆழமாக ஆழமாகச் சுவர்ப்பரப்பு பெருகுகிறது. அத்தனையையும் மூடத் தங்கம் போதவில்லை. மூடாத இடத்தில் புதுப் பள்ளம் கிளைக்கிறது. திரையில் தெரிந்த துளைகள் நுண்ணோக்கியில் தெரிந்தவற்றை ஒத்திருந்தன.

துளைகள் உலோகத்தில் ஒளிந்திருக்கவில்லை. அரிமானம் நடக்கும்போதே அவற்றை உண்டாக்கிக்கொள்கிறது. அடைத்துக்கொள்ளும் என்று எண்ணிய அதே தங்கம் விலகி வழிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வோர் அணுவையும் பின்தொடர்ந்து இதைக் கண்டிருக்க முடியாது. கணினி மாதிரியின் பெருமை, எத்தனை விவரங்களைச் சேர்த்தது என்பதில் இல்லை, எத்தனை குறைவாக வைத்துக்கொண்டு உண்மையை எட்டியது என்பதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரும்பு துருப்பிடிப்பதும் அரிமானம்தான், ஆனால் அது இத்தனை எளிதில் பிடிபடாது. அங்கே ஆக்சிஜன், உப்பு, ஈரம், துருப்படலம் என்று எல்லாமே ஒன்றுக்குள் ஒன்று சிக்கியவை. உலோகவியல் படிக்கும் மாணவர்கள் அந்தப் பெரிய கணக்கில் இறங்குமுன் இந்த 2001 கட்டுரையை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட வேண்டும்.