வெட்டி

வேலைவெட்டி இல்லாமல் திரிபவனை ‘வெட்டிப்பயல்’ என்கிறோம். பயனற்ற பேச்சு வெட்டிப்பேச்சு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’யோ முதுகொடியும் உழைப்பு. ஏரி, வாய்க்கால் போன்ற பணிகளுக்குக் குடிகள் கூலியின்றி ஆள்பலம் தர வேண்டிய கடமை அது. எச்சோறு, முட்டையாள் என்னும் இறைகளோடு சேர்த்து அதைத் திரும்பத் திரும்பப் பொறித்திருக்கிறார்கள்.

வடமொழி ‘விஷ்டி’யிலிருந்து வந்த சொல் இது. விஷ்டி அர்த்தசாஸ்திரத்திலேயே உண்டு. பொ.ஆ. 150 வாக்கில் மன்னன் ருத்ரதாமன் பொறித்த ஜுனாகட் கல்வெட்டைப் பாருங்கள்: உடைந்த சுதர்சன ஏரியை, குடிகளை வரியாலும் விஷ்டியாலும் வருத்தாமல் தன் கருவூலப் பணத்திலேயே சீரமைத்ததாகப் பெருமை கொள்கிறது. அரசன் பெருமை பேசும் அளவுக்கு அப்படிச் செய்வது அரிதாக இருந்திருக்கிறது.

கன்னடத்தில் ‘பிட்டி’ என்றால் இலவசம். தெலுங்கில் ‘வெட்டி’ இன்றும் கட்டாய உழைப்புதான். நிஜாம் ஆட்சியில் தெலங்கானா உழவர்கள் கிளர்ந்தெழுந்ததற்கு ‘வெட்டி சாகிரி’யும் ஒரு காரணம். தமிழிலோ கூலியில்லாத வேலைக்கான சொல், வேலையே இல்லாத நிலைக்கும் பெயராயிற்று. அந்தப் பொருள் எப்போது ஏறியிருந்தாலும், இன்று அதைத் தாங்கிப் பிடிப்பது கூலிச் சந்தையின் கணக்கு என்றே நான் கருதுகிறேன். நாள் முழுதும் அடுப்படியில் நிற்கும் பெண்ணை ‘வீட்டில் சும்மா இருக்கிறாள்’ என்று சொல்ல வைப்பதும் அதே கணக்குதான்.

கூலிக்கும் லாபத்துக்கும் உழைப்பதே மனித இயல்பு என்பவர்கள் வெட்டி உழைப்பில் நின்ற ஏரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நூற்றாண்டுகளாக அவற்றைக் காத்ததில் சந்தைக்குப் பங்கு மிகச் சிறிது. அதற்காக அந்தக் காலத்தைப் போற்றவும் எனக்கு மனமில்லை. தண்ணீரின் தேவையோடு சாதியும் அதிகாரமும் சேர்ந்தே மண்வெட்டியைக் கையில் திணித்தன.

கூலி உழைப்பு வந்ததும் வெட்டி போய்விடவில்லை. குடிமராமத்து போன்ற வழக்கமான பாசன வேலையை ஊரார் செய்தே தீர வேண்டும் என்று 1858இல் சென்னை மாகாணத்துக்கெனச் சட்டம் வந்தது. தவறினால் அந்த உழைப்பின் மதிப்பைப் போல இருமடங்கைப் பணமாக வசூலிக்கலாம் என்றது. பழைய கடமைக்கு இப்படி ஒரு விலை எழுதப்பட்டது.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ், டான்யூப் கரையின் கட்டாய உழைப்பை ஆலைக் கூலியோடு ஒப்பிடுகிறார். தனக்கு உழைக்கும் நாள் எது, பிரபுவுக்கு உழைக்கும் நாள் எது என்று அந்தக் குடியானவனுக்குத் தெளிவாகத் தெரியும். ஆலையில் இரண்டும் ஒரே ஷிப்டுக்குள் கலந்துவிடுகின்றன.

கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆனாலும் சந்தைக்குச் செங்கல் அறுக்கும் சூளைகளிலிருந்து, முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பங்களை அதிகாரிகள் இன்னும் மீட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.