பேச்சிப்பாறை

பேச்சிப்பாறை, கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்து, கோதையாற்றங்கரையில் உள்ள மலையோரச் சிற்றூர். வெளியூரார்க்கு இது அணையின் பெயர். அணை எழுவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலைகளில் மக்கள் வாழ்ந்தனர் என்பதிலிருந்தே இவ்வூரின் வரலாற்றைத் தொடங்க வேண்டும்.

அவர்கள் காணிகள் என்றும் அழைக்கப்படும் காணிக்காரப் பழங்குடியினர். மூட்டுக்காணி என்னும் தலைவரின் கீழ், இடம் மாறி மாறிக் காட்டைத் திருத்திப் பயிர் செய்தனர். தேனெடுத்தனர், கிழங்கு அகழ்ந்தனர். அவர்களிடையே திருமணம் ‘இல்லம்’ என்னும் குலப்பிரிவு முறைப்படி நடக்கும். அண்ணன் தம்பி முறையுள்ள இல்லங்களுக்குள் மணம் கூடாது. மச்சம்பி (மைத்துனர்) முறையுள்ள இல்லத்திலேயே பெண் கொள்வர். நோய் கண்டால் பிலாத்தி என்னும் பூசாரி, கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசிச் சாற்றுப்பாட்டுப் பாடுவார். விடியும்வரை நீளும் அச்சடங்கில் மருத்துவமும் வழிபாடும் ஒன்றாயின. திருவிதாங்கூர் மன்னர்க்குத் தேனும் மலைவிளைவும் காணிக்கை கொண்டுசெல்லும் வழக்கமும் காணிகளுக்கு இருந்தது.

மலைக்காட்டை ஊராக்கியது அணைக்கட்டு வேலை. மழை பிந்தினால் நாஞ்சில் நாட்டு வயல்கள் கருகின. கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போகங்களையும் காக்க, திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் 1897ஆம் ஆண்டு அணைப் பணி தொடங்கி 1906இல் முடிந்தது. வடிவமைத்துக் கட்டிய பொறியாளர் மிஞ்சினை ஊரார் ‘மூக்கன் துரை’ என்றனர். அணையருகே அவருக்கு நினைவிடம் உண்டு. கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயர்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லாதது பெருங்குறை. அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. அணையின் நீர் பெருஞ்சாணி அணை நீரோடு புத்தன் அணையில் சேர்ந்து, தோவாளை, அனந்தனாறு முதலிய கால்வாய்கள் வழியே கடலோர வயல்வரை செல்கிறது. திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணைந்தது.

அடுத்த மாற்றம் ரப்பரால் வந்தது. 1960களில் அரசுத் தோட்டங்கள் விரிந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு அங்கே வேலையும் குடியிருப்பும் கிடைத்தன. அத்தோட்டங்கள் 1984இல் அரசு ரப்பர் கழகத்தின் கீழ் வந்தன. பால்வெட்டுத் தொழிலாளர் விடியுமுன் தோட்டத்துக்குள் நுழைவர். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறையும். அடைமழையில் வெட்டு நின்றால் வருமானமும் நிற்கும். அணைக்கு நீர் தரும் மழையே தோட்டத்து வீட்டில் அடுப்பைத் தணிக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கோதையாறு மின்நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அவற்றால் மின்வாரியக் குடியிருப்புகளும் பேருந்துப் போக்குவரத்தும் மலைக்குள் வந்தன.

காணிகள் இப்போது மரச்சீனி, நல்லமிளகு, ரப்பர் பயிரிட்டு ஓரிடத்தில் வாழ்கின்றனர். மேலே நீரைத் தேக்கியதால் தோட்டமலை போன்ற குடியிருப்புகளின் வழி அடைபட்டது. அங்குள்ளோர் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் படகேறி வரவேண்டியதாயிற்று. அணையின் பயனைக் கணக்கிடுவோர் கீழே விளைந்த நெல்லோடு இந்தப் படகுப் பயணத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சுற்றியுள்ள காடு 2008இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டில் குடியிருக்கவும் பயிரிடவும் காணிகள் கோரும் உரிமைக்கு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே இன்று ஆதாரம்.