காப்பிக்கடை டயோராமாத் தளபாடங்கள்

காப்பிக்கடை டயோராமாத் தளபாடங்கள் என்பன, ஐரோப்பிய வகைக் காப்பிக்கடை (கஃபே) ஒன்றின் உட்புறத்தையோ அதன் தெருவோர இருக்கைப் பகுதியையோ சிறிய அளவில் காட்டும் முப்பரிமாணக் காட்சியமைப்புகளில் வைக்கப்படும் மேசை, நாற்காலி, கோப்பை முதலியவற்றின் மாதிரிகள் ஆகும். டயோராமா என்னும் சொல், 1822 ஆம் ஆண்டில் பாரிசு நகரில் லூயி டாகெர், சார்லசு பூத்தோன் ஆகிய இருவரும் திறந்த ஓவியக் காட்சியரங்கின் பெயராகத் தோன்றியது. சிற்றுருக் காட்சி என்னும் பொருள் பின்னர் ஏற்பட்டதாகும்.

அளவு விகிதம்

பாவை வீடுகளில் 1:12 என்னும் விகிதம் பெரிதும் வழங்குகிறது. இதில் ஓர் அடி ஓர் அங்குலமாகச் சுருங்கும். 75 செமீ உயரமுள்ள மேசை, இவ்விகிதத்தில் 62.5 மிமீ உயரமாகும். 1:35 இல் ஏறத்தாழ 21 மிமீ. எச்0 தொடருந்து மாதிரிகளுக்குரிய 1:87 இல் 9 மிமீ அளவுகூட இராது. ஒரே காட்சியில் இரண்டு விகிதங்கள் கலந்தால், அமர்ந்திருக்கும் உருவத்தின் கால் தரையைத் தொடாது.

1:35 என்பது அடி, அங்குலக் கணக்குக்கோ பதின்மக் கணக்குக்கோ இயல்பாகப் பொருந்தும் எண் அன்று. யப்பானிய நிறுவனமான தமியா, 1960களின் தொடக்கத்தில் பேந்தர் என்னும் செருமானியப் பீரங்கி வண்டியின் மாதிரியை, மின்கலங்களும் மின்னோடியும் உள்ளே அடங்கும் அளவில் வடிவமைத்தபோது அமைந்ததே இவ்விகிதம். பின்னர் போர்க்கள மாதிரிகளில் இது நிலைபெற்றது. போர்க்கால ஐரோப்பியத் தெருவைக் காட்டுவோருக்காக உக்ரைனின் மினிஆர்ட் நிறுவனம் வெளியிட்ட காப்பிக்கடைத் தளபாடத் தொகுதியும் இவ்விகிதத்திலேயே உள்ளது. ஆக, ஒரு காப்பி மேசையின் அளவை மின்கலம் தீர்மானித்தது எனலாம்.

தோனெட் நாற்காலி

மைக்கேல் தோனெட் 1859 இல் உருவாக்கிய 14 ஆம் எண் நாற்காலி, வியன்னா காப்பிக்கடைகளின் அடையாளமாகக் கருதப்படுகிறது. நீராவியில் வளைக்கப்பட்ட மரத்தாலானது. ஆறு மரத்துண்டுகளும் பத்துத் திருகாணிகளும் இரண்டு மரைகளும் கொண்டது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். மாதிரி செய்வோருக்கு இது கடினமான பொருள். 25 மிமீ தடிப்புள்ள சட்டம் 1:35 இல் 0.7 மிமீ ஆகிவிடுவதால், மரம் எளிதில் முறியும். எனவே பித்தளைக் கம்பியை வளைத்து மரநிறம் பூசுவர். பிரம்புப் பின்னலுக்கு மெல்லிய வலைத்துணி பயன்படுகிறது.

பாத்திரங்களும் பானமும்

3 மிமீ தடிப்புள்ள கோப்பைச் சுவர் 1:35 இல் 0.1 மிமீக்கும் குறைவு. அச்சுவார்ப்பு நெகிழியில் இதனைப் பெறுதல் நடைமுறையில் அரிது. ஆகையால் விளிம்பை மட்டும் சுரண்டி மெலிதாகக் காட்டுவதே வழக்கம்.

நீர் விகிதத்துக்கு ஏற்பச் சுருங்குவதில்லை. சின்னஞ்சிறு கோப்பையில் அதன் பரப்பு இழுவிசையால் வளைந்து நிற்கும். விரைவில் ஆவியாகியும் விடும். ஆதலின் காப்பிக்குப் பதிலாக நிறமூட்டிய ஒளிபுகு பிசின் ஊற்றப்படுகிறது. எடைச் சிக்கலும் உண்டு: 1:12 நாற்காலியின் கனவளவு உண்மையானதில் 1,728 இல் ஒரு பங்கே. சிறு அதிர்விலும் சாய்ந்துவிடும் என்பதால் கால்கள் தரையோடு ஒட்டப்படுகின்றன.