சயாம் ரயில்பாதையில் தாத்தாவைத் தேடுகிறவர்கள்

தாய்லாந்தில் காஞ்சனபுரி என்று ஒரு ஊர். க்வாய் நதிப் பாலத்தைப் பார்க்கத்தான் பெரும்பாலானவர்கள் போகிறார்கள். ஆனால் அங்கே இன்னொரு வகை பயணிகளும் வருவதுண்டு. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, நெதர்லாந்திலிருந்து வருகிறவர்கள். கையில் ஒரு பழைய போட்டோ, ஒரு பெயர், ஒரு ராணுவ எண் இருக்கும். "எங்க தாத்தா எங்கே வேலை செஞ்சார், எங்கே இறந்தார்?" என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் தேடிக் கொடுப்பதையே வேலையாகச் செய்யும் வழிகாட்டிகள் அங்கே இருக்கிறார்கள்.

முதலில் பின்னணி. ஜப்பானிய ராணுவம் 1942-43-ல் தாய்லாந்தின் நோங் பிளாதுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை போட்டது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பசி, அடி, வயிற்றுப்போக்கு, மலேரியா, காலரா.

இந்தத் தேடலில் முக்கியமான பெயர் ராட் பீட்டி. ஆஸ்திரேலியப் பொறியாளர். காட்டுக்குள் புதைந்துபோன பாதையை நடந்து, புதர் வெட்டி, அளந்து, வரைபடமாக்கியவர். 2003-ல் காஞ்சனபுரியில் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி தாய்லாந்து-பர்மா ரயில்வே மையத்தைத் திறந்தார். அருங்காட்சியகமும் ஆய்வு மையமும் சேர்ந்த இடம் அது.

இவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பது என் தொழில்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ராணுவ எண்தான் பிரைமரி கீ. அதை வைத்து ஆள் எந்தப் படைப்பிரிவு, எந்தக் குழுவோடு சிங்கப்பூரிலிருந்து ரயிலேறினார் என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கைதிக்கும் ஜப்பானியர் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான அந்த அட்டைகள் இன்று பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெற்றோர் பெயர்கூட அதில் இருக்கும். முகாம்களில் கைதிகளே ரகசியமாக எழுதி ஒளித்து வைத்த இறப்புப் பட்டியல்களும் உண்டு. போர் முடிந்த உடனே, 1945-லேயே, ஒரு குழு பாதை நெடுக போய்க் கல்லறைகளைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தது. இதையெல்லாம் ஜாயின் பண்ணினால் "உங்க தாத்தா இந்த மாதத்தில் இந்த முகாமில் இருந்தார்" என்று சொல்ல முடிகிறது.

அப்புறம் குடும்பத்தை அந்த இடத்துக்கே கூட்டிப் போவார்கள். சில இடங்கள் 1980-களில் கட்டிய அணை நீருக்குள் போய்விட்டன. கரையில் நின்று கை காட்டத்தான் முடியும். இருந்தாலும் அந்த மகனோ பேத்தியோ ஒரு பூவைப் போட்டுவிட்டுத் திரும்ப ஓர் இடம் கிடைக்கிறதே, அது பெரிய விஷயம்.

இனி நம்ம கதைக்கு வருவோம்.

அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் பெரும் பங்கு மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். கூலி தருவதாகச் சொல்லி அழைத்துப் போனவர்களும் உண்டு, பிடித்து ரயிலேற்றியவர்களும் உண்டு. கைதிகளோடு அவர்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், கணக்கு எழுதினார்கள். தோட்டத்து ஆட்களுக்கு யாரும் இல்லை. காலரா வந்தபோது குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். மொத்தமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள்.

அதனால் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் வாட் தாவோர்ன் வராராம் கோவிலில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் பெயரில்லாமல் கிடக்கின்றன. 2023-ல் அங்கே தமிழர்களுக்காக ஒரு நடுகல் வைக்கப்பட்டது. எண்பது வருடம் கழித்து!

ஒரு தமிழ்க் குடும்பம் அந்த வழிகாட்டியிடம் போய் "எங்க தாத்தா பேரு முனியாண்டி, சயாமுக்குப் பிடிச்சுட்டுப் போனாங்க" என்றால் அவர் என்ன செய்வார்? எண் இல்லை, அட்டை இல்லை. எத்தனை முனியாண்டிகள்! அவர் மனசு வைத்தாலும் தேட முடியாது.

அப்போ வழியே இல்லையா? முழுதாக இல்லை என்று சொல்ல மாட்டேன். மலேசியாவில் டெத் ரயில்வே இன்டரஸ்ட் குரூப் என்ற அமைப்பு உயிர்பிழைத்தவர்களின் வாய்மொழியைச் சேகரித்தது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார். ஆவணம் இல்லாத இடத்தில் நினைவுதான் ஆவணம். அதிலும் சில விவரங்கள் எண்ணுக்குப் பதிலாக நிற்கும்.

உங்கள் வீட்டில் "ஜப்பான்காரன் காலம்" பற்றிப் பேசும் பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால் இதைக் கேளுங்கள்: எந்தத் தோட்டம்? பக்கத்து டவுன் எது? கங்காணி பெயர் என்ன? எந்த ஸ்டேஷனில் ரயிலேறினார்கள்? கூடப் போனவர்கள் யார், அதில் திரும்பி வந்தவர் யார்? முகாம் பெயரோ ஆற்றின் பெயரோ ஏதாவது சொன்னார்களா?

ஒரே தோட்டத்திலிருந்து ஒரே ரயிலில் போன நாலு பேரின் கதையை ஒன்றாக வைத்தால், நாலு குடும்பத்துக்கும் கொஞ்சமாவது வெளிச்சம் கிடைக்கும். போனில் ரெக்கார்ட் பண்ணி, தேதி போட்டு, எழுதியும் வையுங்கள். அன்றைக்குப் பத்து வயதாக இருந்தவர்களுக்கே இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.