செனோட்டே: வெளிச்சம் தெரியுற தூரம் வரைக்கும்

இன்னைக்கு எபிசோடு தண்ணிக்கு அடியில நட்டு வச்சிருக்கிற ஒரு எச்சரிக்கைப் பலகையைப் பத்தி.

மெக்சிகோவோட கரீபியன் கரையில, யுகடான் தீபகற்பத்துல, துலும்னு ஒரு ஊர் இருக்கு. அதைச் சுத்தியிருக்கிற காட்டுக்குள்ள எக்கச்சக்கமான நன்னீர்க் குழிகள். ஒவ்வொண்ணும் ஒரு குகையோட வாசல். இதுக்கு 'செனோட்டே'ன்னு பேரு. ஸ்கூபாவுல அடிப்படை கோர்ஸ் மட்டும் முடிச்சவங்க, அதாவது மூணு நாலு நாள் பயிற்சி எடுத்தவங்க, ஒரு கைடோட இதுக்குள்ள இறங்கலாம். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், மேலேயிருந்து வெயில் தூண் தூணா இறங்கும். ரீல்ஸ்ல பாத்திருப்பீங்க.

ரீல்ஸ்ல அதிகம் வராத ஒண்ணு இருக்கு. வெளிச்சம் முடிஞ்சு இருட்டு ஆரம்பிக்கிற இடத்துல அந்தப் பலகை. அங்கி போட்ட எலும்புக்கூடு, கையில நீளமான அரிவாள், 'இதைத் தாண்டிப் போகாதே'ங்கிற எழுத்து. அதுலயிருந்து கொஞ்ச தூரத்துலதான் புதுசா கத்துக்கிட்டவங்க போற கயிறும் ஓடுது. இந்த ரெண்டும் எப்படி ஒரே குகைக்கு வந்து சேர்ந்துச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல குகை. வட யுகடான்ல தரைக்கு மேல ஆறுகளே கிடையாது. நிலம் முழுக்க சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணி கீழே இறங்கி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு, அடியில சுரங்கம் சுரங்கமா ஓடுது. எங்கயாவது கூரை இடிஞ்சு விழுந்தா அதுதான் செனோட்டே. மாயா மொழியில 'ட்ஸோனோட்', ஸ்பானியர்கள் வாயில அது செனோட்டே ஆயிடுச்சு.

உள்ள போனா மேலேயிருந்து விழுது மாதிரி சுண்ணாம்புக் கூம்புகள் தொங்கும். யோசிச்சுப் பாருங்க, அது சொட்டுச் சொட்டா தண்ணி விழுந்து உருவாகுறது. தண்ணிக்குள்ள சொட்டு எப்படி விழும்? அதாவது ஒரு காலத்துல இந்தக் குகையெல்லாம் காஞ்சு கிடந்திருக்கு. பனியுகத்துல, சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, கடல் மட்டம் இன்னைக்கு இருக்கிறதை விட 120 மீட்டர் கீழ இருந்துச்சு. அப்புறம் மனுஷங்க இதுக்குள்ள நடந்தே போயிருக்காங்க. 2007-ல துலும் பக்கம் ஓயோ நெக்ரோங்கிற குழியில டைவர்கள் ஒரு பதின்வயசுப் பொண்ணோட எலும்புக்கூட்டைக் கண்டுபிடிச்சாங்க. நையான்னு பேர் வச்சாங்க. வயசு குறைஞ்சது 12,000 வருஷம். இருட்டுல நடந்து போய் அந்தக் குழியில விழுந்திருக்கணும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அமெரிக்கக் கண்டங்கள்ல கிடைச்ச மிகப் பழைய, கிட்டத்தட்ட முழுசான எலும்புக்கூடுகள்ல அதுவும் ஒண்ணு.

மாயா மக்களுக்கு செனோட்டேதான் குடிதண்ணி, மழைக் கடவுளுக்கு வழிபாடு செய்யுற இடமும் அதுதான். சிச்சென் இட்சாங்கிற பேருக்கே 'இட்சா மக்களோட கிணத்து வாய்'னு அர்த்தம். அங்க இருக்கிற புனிதச் செனோட்டேயில மனுஷங்களைப் பலி கொடுத்தாங்கன்னு 16-ஆம் நூற்றாண்டுல ஸ்பானியப் பாதிரியார் டியேகோ டி லாண்டா எழுதி வச்சாரு. அதைப் படிச்ச அமெரிக்கத் தூதர் எட்வர்ட் தாம்சன், 1904-ல வாளி போட்டு அடியைத் தோண்ட ஆரம்பிச்சாரு. தங்கம், பச்சைக்கல், எலும்புன்னு கிடைச்சதுல பெரும்பகுதி ஹார்வர்டோட பீபடி மியூசியத்துக்குப் போயிடுச்சு. எனக்கு இதைக் களவுன்னுதான் சொல்லத் தோணுது. மெக்சிகோ அரசு வழக்கே போட்டுச்சு. ஒரு பகுதி ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் திரும்பி வந்துச்சு. வாளி போதலன்னு தாம்சன் பித்தளை ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, கிரேக்க நாட்டு டைவர் துணையோட தானே இறங்கினாரு. சேத்துத் தண்ணி, கண்ணு தெரியாது, விரலால தடவித்தான் தேடணும். மேலேயிருந்து குழாய் வழியா பம்ப் அடிச்சாத்தான் மூச்சு.

அந்தக் குழாயை அறுத்து விட்டது 1943. ஃபிரான்ஸ்ல ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் முதுகுல டேங்க் மாட்டிக்கிட்டு மூச்சு விடுற கருவியை உருவாக்கினாங்க. மனுஷன் மீன் மாதிரி எங்க வேணா போகலாம். குகைக்குள்ளயும் போனான்.

இங்கேருந்து கதை கொஞ்ச நேரம் அமெரிக்காவுல ஃபுளோரிடாவுக்குப் போகுது. அங்கயும் இதே சுண்ணாம்புப் பாறை, இதே மாதிரி தெளிஞ்ச நன்னீர் ஊற்றுகள். 60-கள்லயும் 70-கள்லயும் ஸ்கூபா பிரபலமானப்போ, வார இறுதியில கூட்டம் கூட்டமா வந்து இறங்கினாங்க. நிறையப் பேர் திரும்பி வரல. கடல்ல தப்பு நடந்தா மேல ஏறிடலாம். குகையில மேல பாறை. துடுப்புக் கால் ஒரு தடவை அடிச்சா அடியில இருக்கிற வண்டல் கிளம்பும், கண்ணாடித் தண்ணி சில நொடியில பால் மாதிரி ஆயிடும். வந்த வழி எதுன்னே தெரியாது. செத்தவங்கள்ல ஸ்கூபா சொல்லிக் கொடுக்கிற இன்ஸ்ட்ரக்டர்களும் இருந்தாங்க.

ஷெக் எக்ஸ்லினு ஒருத்தர், ஃபுளோரிடாவுல பள்ளிக்கூட கணக்கு வாத்தியார், குகை டைவிங்ல அந்தக் காலத்தோட மிகப் பெரிய ஆள். அவரு செஞ்ச உருப்படியான வேலை சாகசம் இல்ல. நடந்த சாவுகளை ஒவ்வொண்ணா எடுத்து, எதனால செத்தாங்கன்னு பிரிச்சாரு. 1979-ல அதைச் சின்னப் புத்தகமாப் போட்டாரு. திரும்பத் திரும்ப மூணே காரணம்: வெளிய வர்ற வரைக்கும் அறுபடாத கயிறு இல்ல, காத்துல போதுமான மிச்சம் வைக்கல, அளவுக்கு மீறின ஆழம். பயிற்சி இல்லாததும், போதுமான விளக்கு இல்லாததும் பின்னால பட்டியல்ல சேர்ந்துச்சு.

காத்துக் கணக்கைக் கொஞ்சம் பாக்கலாம், அது கணக்கு வாத்தியார் கணக்குங்கிறது தெரியும். டேங்குல 200 பார் இருக்குன்னு வச்சுக்குங்க. மூணுல ஒரு பங்கு, சுமார் 66, உள்ள போறதுக்கு. அது தீர்ந்ததும் திரும்பிடணும். இன்னொரு 66 வெளிய வர. மீதி 66 யாருக்கு? கூட வந்தவனுக்கு. நீங்க ரெண்டு பேரும் ரொம்ப உள்ள இருக்கிற நேரத்துல அவன் டேங்க் மொத்தமா போயிடுச்சுன்னா, உங்ககிட்ட இருக்கிற 133-ல ரெண்டு பேரும் வெளிய வரணும். ஆளுக்கு 66. சரியா இருக்கு. சரியா மட்டும்தான் இருக்கு. பதட்டத்துல வேகமா மூச்சு வாங்கினா அதுவும் பத்தாது.

80-கள்ல இந்தக் கூட்டம் யுகடானுக்கு வந்துச்சு. ஃபுளோரிடாவுல பழகினவங்க, மெக்சிகோக்காரங்க, ஐரோப்பாக்காரங்கன்னு எல்லாரும் சேர்ந்து குகை குகையா கயிறு கட்டி அளந்தாங்க. அந்தக் கயித்துல அங்கங்க பிளாஸ்டிக் அம்பு மாட்டியிருக்கும். அம்பு காட்டுறது குகையோட உள்பக்கத்தை இல்ல, பக்கத்துல இருக்கிற வெளிய போற வழியை. கண்ணு தெரியலன்னாலும் விரலால தடவிப் பாத்துக்கலாம். அளந்துக்கிட்டே போய், 2018-ல சாக் ஆக்டுன், டோஸ் ஓஹோஸ்ங்கிற ரெண்டு குகைகளும் ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சப்போ மொத்த நீளம் 347 கிலோமீட்டர்.

கான்குன் பக்கம் சுற்றுலா பெருக, 'எங்களையும் கூட்டிட்டுப் போங்க'ன்னு ஆள் வந்துச்சு. எக்ஸ்லி கணக்குப்படி பயிற்சி இல்லாதவங்க பாறைக்கு அடியில போகவே கூடாது. அதனால ஒரு சமரசம் உருவாச்சு. எப்பவும் பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியணும். வெளிக்காத்து எட்டுற இடத்துலேருந்து 60 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு கைடுக்கு அதிகபட்சம் நாலு பேர். ஆளுக்கு ஒரு டார்ச். கயிறு விடவே கூடாது, காத்துல மூணுல ஒரு பங்கு போனதும் திரும்பணும். கைடு மட்டும் முழுசா குகைப் பயிற்சி முடிச்சவரா, குகை டைவருக்கான முழு உபகரணத்தோட வரணும். அதாவது, உங்ககிட்ட இல்லாத பயிற்சிக்குப் பதிலா அவரோட பயிற்சியும் அந்த வெளிச்சமும். நல்ல சமரசம்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா இதுல பாதியை ஒரே ஒரு மனுஷன் தாங்குறாரு.

2012-ல சாக் மூல் செனோட்டேயில ஒரு கைடும் அவரோட போன ரெண்டு சுற்றுலாப் பயணிகளும் இறந்து போனாங்க. வெளிச்சம் இருக்கிற பகுதியைத் தாண்டி உள்ள போயிருந்தாங்க.

எக்ஸ்லியும் தண்ணிக்குள்ளதான் போனாரு. 1994 ஏப்ரல் 6, வடகிழக்கு மெக்சிகோவுல ஸக்கட்டோன்ங்கிற, தண்ணி நிறைஞ்ச ஒரு ராட்சதக் குழி. 1,000 அடி ஆழத்தைத் தொடணும்னு இறங்கினாரு. மூணு நாள் கழிச்சு அவர் இறங்கின கயித்தை இழுத்தப்போ உடல் அதோட மேல வந்துச்சு. வயசு 45. 'அளவுக்கு மீறின ஆழம்'னு பட்டியல்ல எழுதினவரே அவர்தான்.

கேக்கறவங்கள்ல யாராவது துலும் போற பிளான்ல இருந்தா, டைவுக்கு முன்னாடி கைடு என்ன மாட்டிக்கிறாருன்னு பாருங்க. ரெண்டு டேங்க், தனித்தனியா ரெண்டு மூச்சுக் கருவி, மூணு விளக்கு, ஒரு கயித்து உருளை. உங்களை மாதிரி ஒரே டேங்கோட வந்து நிக்கிறார்னா, காசு போனாலும் பரவாயில்ல, மேலேயே குளிச்சுட்டு வந்துடுங்க. தண்ணி 25 டிகிரி, நல்லாத்தான் இருக்கும்.