சனிக்கிழமைக்காரர்கள்

குளிரில் வேனுக்குள் கிடந்த ஆம்ப்ளிஃபயரைக் கூட்டம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனால் அதற்கு உள்ளே வியர்த்துவிடும். அரை மணி நேரமாவது சும்மா வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். இதை எனக்குப் பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே நான் படித்தது மண்ணும் சரிவும். வார நாள்களில் கேமரன் மலையின் ரோட்டோரச் சரிவுகள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு குத்தகையாளரிடம் பொறியியலாளர் வேலை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் டிஜே. கல்யாண விருந்து, பிறந்தநாள், எப்போதாவது கோயில் திருவிழாவின் கலைநிகழ்ச்சி. திரிங்காப்பிலிருந்து மேலே கம்போங் ராஜா, கீழே ரிங்லெட் வரைக்கும் என் வேன் போகும்.

ஆறு மாதத்துக்கு முன் ஓர் இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மகளுக்குக் காய்ச்சல். மனைவி தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். சண்டையெல்லாம் போடவில்லை. "போன மாசம் நாலு சனிக்கிழமையும் நீங்க வீட்டுல இல்ல. இது வேலையா, பொழுதுபோக்கா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரிதான் நான் கோவப்படணும்."

பதில் தெரியவில்லை. பதில் தெரியாத ஆண்கள் வழக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். வரலாற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

இந்த மலை அளவையாளர் வில்லியம் கேமரனின் கண்ணில் பட்டது 1885இல். ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். தாப்பாவிலிருந்து ரோடு மேலே வந்து சேர்ந்தது 1931இல். காட்டை வெட்டியது கோவேறு கழுதைகள், ஒரு ஸ்டீம்ரோலர், மற்றபடி மனிதக் கைகள். அந்தக் கைகளில் பெரும்பகுதி நம்முடையவை. ஸ்டீம்ரோலரைக் கழித்துவிட்டால் அந்த மலையில் அன்றைக்குப் பெரிய சத்தம் என்று எது இருந்திருக்கும்? பெரட்டு மணி. விடியுமுன் எழுப்பி வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவதற்கு அடிக்கிற மணி. தோட்டத்தில் ஒலி முதலில் நிர்வாகத்துக்குச் சொந்தமாக இருந்தது. எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழும்படி சத்தம் எழுப்பும் உரிமை துரைக்கும் கிராணிக்கும்தான்.

அதற்கு எதிர்ப்பக்கம் தப்பு இருந்தது, உறுமி இருந்தது. திருவிழாவுக்கும் சாவுக்கும் அடித்தார்கள். பகல் முழுக்க வேலைக்காட்டில் நின்றவர்தான் ராத்திரி தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். அப்படிப் பார்த்தால் தோட்டப்புறத்தின் முதல் பகுதிநேர ஒலிக்காரர் அவர்தான். ஆனால் அவரிடம் போய் "இது வேலையா, பொழுதுபோக்கா" என்று கேட்டிருக்க முடியாது. அது சாதி அவர் தோளில் மாட்டிவிட்ட கடமை. முடியாது என்று சொல்லும் வசதி அவருக்கு இல்லை. இன்றைக்கு நாலு இடத்தில் புக்கிங் கேட்டு நான் ஒன்றை மறுக்கிறேன் என்றால், அந்த மறுக்கும் உரிமைக்கே ஒரு வரலாறு இருக்கிறது. டிஜே கதையைச் சொல்லும் நம் ஆட்கள் தப்பை ஒரு 'பாரம்பரிய பீட்' ஆக்கி மேடையில் ஏற்றிவிட்டு இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

கிராமபோன் வந்தது, ஆனால் அது வசதியுள்ள வீட்டுத் திண்ணையோடு நின்றது. ஒலிபெருக்கியை லயத்துக்குக் கொண்டுவந்ததில் அரசாங்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அவசரகாலத்தில் (1948–1960) கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிரான பிரச்சாரத்துக்காகத் தகவல் இலாகா வேன்கள் திரையும் ஒலிபெருக்கியுமாகத் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் போயின. பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டிகள் பொது இடங்களில் வைக்கப்பட்டன. பின்னாளில் பிபிசியின் தலைமைக்குப் போன ஹியூ கார்ல்டன் கிரீன் 1950–51இல் இங்கே அந்தத் தகவல் சேவைக்குப் பொறுப்பாக இருந்தார். காட்டுக்கு மேலே ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் பறந்து, சரணடையச் சொல்லிக் கூவின. யோசித்துப் பாருங்கள், ஒலிபெருக்கியின் முதல் அனுபவமே மேலேயிருந்து வருகிற அதட்டல். அதே சாமானை நம் ஆட்கள் பத்து இருபது வருடத்தில் மாரியம்மன் கோயில் மரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள்.

ஏற்றிக் கட்டியவர்களில் ஒருவர் என் மாமா. அம்மாவின் மூத்த அண்ணன். ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதை 1955 வேலைவாய்ப்புச் சட்டம் எழுத்தில் வைத்தது. தோட்டத்தில் அது ஞாயிறு. அதனால் கொண்டாட்டம் சனிக்கிழமை ராத்திரிக்கு வந்தது, மாமாவின் இரண்டாவது வேலையும் அங்கே வந்து உட்கார்ந்தது. இரண்டு குழாய் ஸ்பீக்கர், 30 வாட் ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், பின்னால் கேசட் டெக், ஒரு லோரி பேட்டரி. எல்லாம் மோட்டார் சைக்கிளில் இரண்டு நடையில் போய்விடும்.

30 வாட்டில் ஒரு பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது என்று மாமா சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் அளவுக்குத்தான் கொடுக்கும். நல்ல குழாய் 105 முதல் 110 வரை கொடுக்கும். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் 100 மடங்கு ஆற்றல். குரலும் நாதஸ்வரமும் இருக்கிற அலைவரிசையில் மாமாவின் 30 வாட், பெட்டி ஸ்பீக்கரில் 3000 வாட்டுக்குச் சமம். இரவில் தரையோரம் குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி வளைந்து கீழேயே திரும்பி வரும். மலைக்காரர்களுக்கு அது இலவச உபரி.

குழாய்க்கு ஒரே குறை, பேஸ் கிடையாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதைக் குழாயால் ஒழுங்காகத் தள்ள வேண்டுமென்றால் வாயின் விட்டம் 2 மீட்டருக்கு மேல் இருக்கணும். அதை எந்த மரத்தில் கட்டுவது? ஆகவே தோட்டத்தில் வளர்ந்த தலைமுறையின் நினைவில் இருக்கும் பாட்டுகளுக்கு அடிவயிறு இல்லை. எல்லாம் தொண்டைதான்.

என் கேள்விக்கான பதில் இந்த 50 ஹெர்ட்ஸில்தான் ஒளிந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

பேஸை நடனத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடிகள் ஜமைக்கர்கள். 1950களில் கிங்ஸ்டன் தெருக்களில் சவுண்ட் சிஸ்டங்கள் ஒன்றோடொன்று மோதின. டியூக் ரீட் போலீஸ் வேலையை விட்டு, மனைவி லூசிலோடு கடை நடத்தியவர். அவருடைய ஸ்பீக்கர்களின் ஒரு வேலை அந்தக் கடைச் சரக்குக்கு ஆள் சேர்ப்பது. அங்கே பிறந்து நியூயார்க் போன கிளைவ் கேம்பல்தான் டிஜே கூல் ஹெர்க். 1973 ஆகஸ்ட் 11, பிராங்ஸில் ஓர் அடுக்குமாடியின் பொது அறை. ஹிப்ஹாப் பிறந்த இரவு என்று உலகம் கொண்டாடுவது அதைத்தான். அந்த விருந்தை ஏற்பாடு செய்தது அவர் தங்கை சிண்டி. பள்ளி திறப்பதற்குப் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று நுழைவுக் கட்டணம் வைத்தவர் அவர். ஸ்பீக்கர் அப்பாவுடையது. புரட்சி என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட ஒரு குடும்பத் தொழில்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை கலிஃபோர்னியாவின் டேலி சிட்டியில் இருக்கிறது. 1970களின் கடைசியிலிருந்து அங்கே பிலிப்பீனோக் குடியேறிகளின் பிள்ளைகள் நடமாடும் டிஜே குழுக்களை நடத்தினார்கள். கல்யாணம், பூப்பு விழா மாதிரியான பதினெட்டு வயது விருந்து, தேவாலய மண்டபம். ஒத்திகை வீட்டு கராஜில், வாடிக்கையாளர் சொந்தக்காரர். ஆலிவர் வாங் 2015இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இந்தக் குழுக்கள் ஏன் பெரும்பாலும் பையன்களாலேயே ஆனவை என்ற கேள்வியையும் அவர் விடவில்லை. அந்தப் பக்கங்களை நான் கொஞ்சம் வேகமாகத்தான் படித்தேன்.

நம் பக்கம் 1998இல் போயடிக் அம்மோ முதல் ஆல்பம், 2006இல் யோகி பியும் நட்சத்ராவும் சேர்ந்த 'வல்லவன்'. அதற்குப் பிறகு பேஸ் இல்லாத கல்யாண விருந்தை நினைத்துப் பார்க்க முடியாது. நல்லதுதான். நெஞ்சுக்கூட்டில் இடிக்கிற அந்த அடிக்காகத்தான் நானும் பன்னிரண்டு வயதில் மாமாவுக்குக் கேபிள் சுற்றப் போனேன். ஆனால் பேஸ் வேண்டுமென்றால் வாட் வேண்டும். ஆற்றலை இரண்டு மடங்கு ஆக்கினால் வெறும் 3 டெசிபல்தான் கூடும். 30 வாட்டில் தொடங்கிய தொழில் ஆயிரக்கணக்கான வாட்டுக்குப் போனது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கும் இரண்டு சப்வூஃபர், அதற்கு ஒரு வேன், வேனுக்குத் தவணை. தவணைக்குச் சனிக்கிழமை.

இதற்குள் லயமும் கலைந்துவிட்டது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போனார்கள். இன்றைக்கு மலையில் கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். திரிங்காப் காய்கறித் தோட்டங்களின் ஊர். இங்கே தமிழ்க் குடும்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. கல்யாணம் கோயிலில், விருந்து வேறொரு ஊர் மண்டபத்தில். ஒலிக்காரன் அவன் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, தெரியாத முந்நூறு பேருக்குப் பாட்டுப் போடுகிறான்.

இதை அத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். மாமா சனிக்கிழமைகளில் வீட்டில் இல்லாதது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். "அவரு வீட்டுல இல்லன்னு எப்படிய்யா சொல்றது? சத்தம்தான் வீட்டுக்கே வந்துருமே. பிள்ளைங்க முன்னால உக்காந்து பார்த்துட்டு அங்கயே தூங்கிருங்க. பசியாற வடையும் அங்கதான்."

சொல்லி முடித்துவிட்டு இன்னொன்றையும் சேர்த்தார். லோரி பேட்டரியை வெள்ளிக்கிழமையே சார்ஜுக்குப் போட்டது அவர். யாருக்கு எந்தத் தேதி, யார் இன்னும் காசு தரவில்லை என்று நோட்டில் எழுதியதும் அவர். "உங்க மாமாவுக்குக் கணக்கு வராது. கடன்காரன் வந்து சிரிச்சா விட்டுருவாரு." மாமா இதை மறுக்கவில்லை, எழுந்து வெளியே போனார்.

அதாவது மாமாவின் பகுதிநேரமும் இலவசமாகக் கிடைத்ததில்லை. அதை அத்தை பேட்டரியாகவும் நோட்டாகவும் கட்டினார். வித்தியாசம், அவர் கட்டியது அவர் காதிலேயே பாட்டாகத் திரும்பி வந்தது. என் மனைவிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வேன் சத்தம்தான் வருகிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நான் அப்போதுதான் மாமாவை ஜாமீன் போட வைத்து சப்வூஃபர் வாங்கியிருந்தேன். விருந்துகளெல்லாம் நின்றுபோயின. ஸ்பீக்கர்கள் ஹாலில் துணி போர்த்திக் கிடந்தன, அம்மா அதன்மேல் இஸ்திரி போட்டார். சம்பளத்திலிருந்து தவணை கட்டினேன். பொழுதுபோக்காக இருந்திருந்தால் அன்றைக்கே விற்றிருப்பேன். வேலையாக இருந்திருந்தால் நிச்சயமாக விற்றிருப்பேன். எதுவுமில்லாததால்தான் வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொன்னேன். குழாய், 7 மீட்டர் அலை, அத்தையின் நோட்டு, எல்லாம். மகள் ஹெட்ஃபோன் ஒயரைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிண்டி கதைக்கு வந்தபோதுதான் அவள் முகத்தில் ஆர்வம் தெரிந்தது.

"அந்தப் பொண்ணுக்கு அண்ணன்காரர் எவ்வளவு குடுத்தாரு?"

"விருந்தே அவங்க ஏற்பாடுதான். அவங்க துணிக்காகத்தான் வசூலே."

"அப்படியா" என்றாள். பேனா எடுத்து வந்தாள். மூன்று மணி முதல் இரண்டு மணி வரை பதினொரு மணி நேரம், ஞாயிறு காலை ஒயர் துடைக்க இரண்டு மணி நேரம், எண்ணெய், கூட வரும் பையனின் கூலி, தவணை. மீதியைப் பதிமூன்றால் வகுத்து என் பக்கம் தள்ளினாள். நான் இதுவரை ஒருமுறைகூடப் போடாத கணக்கு. சரிவுக்கு எத்தனை கம்பி வேண்டும் என்று புள்ளி சுத்தமாகப் போடுகிறவன் நான்.

இப்போது மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை. புக்கிங் அவள் கைப்பேசிக்குத்தான் போகிறது. முன்பணம் வராமல் தேதி எழுத மாட்டாள். ஒரு விருந்துக்கு இவ்வளவு என்று அவள் பங்கு தனியாக எடுத்து வைக்கப்படுகிறது. அத்தைக்கு இது தெரிந்ததும் மாமாவைப் பார்த்து, "எனக்கு எத்தனை வருஷ பாக்கி?" என்று கேட்டாராம். மாமா இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த விருந்து கம்போங் ராஜாவில். மாப்பிள்ளையோடு வேலை செய்யும் நேபாளிப் பையன்கள் வருகிறார்கள், அவர்கள் பாட்டு இரண்டு வேண்டுமாம். மண்டபம் பக்கத்தில்தான், மகளையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று மனைவி கேட்டிருக்கிறாள். பிள்ளையின் காதுக்கு மாட்டும் மூடி ஒன்று ஆர்டர் செய்திருக்கிறேன். மேடைக்குப் பின்னால், சப்வூஃபர் நேராக அடிக்காத மூலையில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கணும்.