சாப்பா எறிந்த துறை

இடக்கொச்சியிலிருந்து பள்ளுருத்தியையும் தோப்பும்படியையும் கடந்து வடக்கே செல்பவர் சென்றடையும் மட்டாஞ்சேரியை, மிளகு மண்டிகளுக்காகவும் யூதர் தெருவுக்காகவுமே யாத்திரிகர் அறிவர். அவ்வூர்த் துறையில் ஒரு நாளைய ஜீவனம் மண்ணில் வீசி எறியப்பட்ட காலமொன்று இருந்ததை அறிந்தவர் சிலரே.

ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920இல் வந்து, கடல்வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தியதன் பயனாக, 1928 மே 26ஆம் நாள் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறையில் புகுந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாயிற்று. கப்பல்கள் பெருகியும், சரக்கேற்றி இறக்குவோருக்கு நாளை வேலை உண்டென்ற உறுதி மட்டும் பிறக்கவில்லை. வேலை தேடிக் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே, சரக்கேற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரான ஸ்டீவடோர் முதலாளியின் ஆளான மூப்பன் ‘சாப்பா’ என்னும் உலோக வில்லைகளை வாரி எறிவான். முட்டி மோதி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டு, எவன் கையில் அது சிக்கிற்றோ அவனுக்கே அன்றைய வேலை. கோழிக்குத் தானியம் இறைப்பவனுக்குக்கூட எல்லாவற்றுக்கும் ஒரு மணியேனும் கிடைக்கட்டும் என்ற எண்ணம் இருக்கும். மூப்பனுக்கு அதுவும் இல்லை. கூலியின் சொற்பத்தைக் காட்டிலும், பசித்தவனுக்குப் பசித்தவனையே சத்துருவாக்கிய அந்தத் தந்திரமே எனக்குக் கொடிதாகப் படுகிறது.

இதற்குப் பரிகாரம் எவருக்கும் தெரியாமற் போய்விடவில்லை. துறைமுக வேலையை முறைப்படுத்த வேண்டுமென்று ராயல் தொழிலாளர் கமிஷன் 1931லேயே சிபாரிசு செய்தது. இங்கிலாந்து 1946இல் இயற்றிய சட்டத்தின் பெயரையே ஏறத்தாழத் தாங்கி, துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இல் இந்தியாவிலும் பிறந்தது. ஆனால் அச்சட்டம் தானாக ஒருவனுக்கும் வேலை தராது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே திட்டம் வகுக்கப்பட்டாலே அதற்கு உயிர் வரும். பெருந்துறைமுகங்களோ மத்திய சர்க்காரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. பம்பாய்க்கு 1951இல் வந்த திட்டம் கொச்சிக்கு வரவில்லை. சட்டம் ஏட்டில் இருக்க, சாப்பா எறிதலும் நடந்துகொண்டிருந்தது.

1953இல், அந்த வழக்கத்தை ஒழிக்கக் கோரி ஏறத்தாழ 75 நாள் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டனர். சைது, சைதலவி, ஆன்டனி என்ற மூவர் அப்போராட்டத்தில் உயிர் நீத்தனர்.

கொச்சிக்கான திட்டம் 1959இல் வந்தது. சர்க்கார், முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் அமர்ந்த வாரியம் ஒன்று பெயர்களைப் பதிந்து, முறைவைத்து வேலை பங்கிட்டு, வேலையில்லாத நாளிலும் வந்து நின்றவனுக்கு வருகைப்படி கொடுத்தது. அதற்கான செலவைச் சரக்குக் கையாளும் முதலாளிகளே தீர்வையாகச் செலுத்தினர். இறைஞ்சிப் பெற்றது, பதிவேட்டில் எழுதப்பட்ட பாத்தியதையாயிற்று.

பின்னர்க் கொள்கலன்கள் வந்தன. நூறு கைகளின் வேலையைப் பாரந்தூக்கி ஒன்று செய்யலாயிற்று. பெருந்துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்களைத் துறைமுக நிர்வாகத்தோடு இணைத்துக்கொள்ள வழிவிட்டு 1997இல் வேறொரு சட்டம் எழுந்தது; 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்துறைமுகங்களுக்குப் பொருந்தாது என்பதே அதன் பெயர். அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்ததற்கும் அது கொச்சித் துறையை எட்டியதற்கும் இடையில் 11 ஆண்டுகள் ஆயின. அம்மூவரின் மரணம் அவற்றுள் ஐந்தாம் ஆண்டில் நிகழ்ந்தது.